கொள்ளைநோயும் மனநலமும்

(நமது சங்கத்தின் வருடாந்தர மகாசபையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் முறைக்கும் அவர்தம் மனநிலைக்கும் உள்ள தொடர்பைப்பற்றிச் சில மொழிகள் கூறுமாறு நமது காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். கோவிட் என்னும் தொற்றுநோயை முன்னிட்டு உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2020ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி அறிவித்த நெருக்கடி நிலை, 2023ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி நீக்கப்பெற்றது. நெருக்கடி தீர்ந்த பின்னர் இப்பேச்சு எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். வெள்ளம் வடிந்த பின்னரே கரையைச் செப்பனிடல் இயலும். அடுத்த வெள்ளம் எப்பொழுது வரும் என்பதை அறிந்தார் ஒருவருமிலர். ஆதலின் இப்பொருளை ஆராய்தற்கு இதுவே தக்க காலம் என்பது அடியேனது தாழ்மையான அபிப்பிராயம்.

தொற்றுநோயினின்றும் ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள் யாவை? முகக்கவசம் அணிதல், கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவுதல், கூட்டத்தை நீங்கி நிற்றல், நோய்க்குறி தோன்றியவுடன் மறைக்காது சோதித்துக்கொள்ளல், தனித்திருத்தல், தடுப்பூசி இட்டுக்கொள்ளல் என்பனவாம். இவற்றுள் ஒன்றேனும் பொருட்செலவு மிக்கதன்று. கற்றார்க்கும் கல்லார்க்கும் எளிதில் விளங்குவது. அங்ஙனமாயின், இவற்றைச் சிலர் வழுவாது கைக்கொண்டதும், சிலர் கைவிட்டதும், சிலர் எதிர்த்தே நின்றதும் யாது காரணத்தால்? அறியாமையே காரணம் என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். ஆயின், மெத்தப் படித்தாரும் தடுப்பூசிக்கு அஞ்சியதையும், எழுத்தறியாத மூதாட்டியார் முதல் நாளே சென்று கையை நீட்டியதையும் நாம் கண்டோமல்லமோ? இச்செயல்களைச் செய்வது கை, செய்விப்பது மனம். அரசாங்கத்தார் ஆயிரம் உத்தரவுகள் இடலாம். ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் ஒரு சேவகனை நிறுத்தல் அவர்க்கு இயலாது. உள்ளத்தே நிற்கும் காவலனே உண்மைக் காவலன். அவன் நலமாக இருந்தாலன்றி மற்றைக் காவல்கள் பயன்படா.

முதற்கண் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். அச்சம் முற்றிலும் தீயது அன்று. தக்கதற்கு அஞ்சுதல் அறிவின்பாற்பட்டது என்பது நம் ஆன்றோர் கொள்கை. 2020ஆம் ஆண்டு நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியும், நோய்க்கு அஞ்சியவரே கைகழுவுதல், விலகி நிற்றல் முதலியவற்றை மிகுதியாகக் கைக்கொண்டனர் என்று கண்டது. ஆயின் அச்சத்திற்கு ஓர் அளவு உண்டு. அமெரிக்க தேசத்தைச் சார்ந்த யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் 1908ஆம் ஆண்டில் சுண்டெலிகளுக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, ஒரு பெட்டிக்கும் மற்றொரு பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பித்தனர். பாடம் கடினமாக இருந்தவிடத்து, அதிர்ச்சி மிகச் சிறிதாயினும் எலிகள் மெல்லக் கற்றன. மிகப் பெரிதாயினும் தடுமாறின. நடுத்தரமாயின் விரைந்து கற்றன. எலிக்கு உற்றது மனிதர்க்கும் அப்படியே உறும் என்று துணிதல் கூடாது. எனினும் பரீட்சை மண்டபத்தில் மக்களைப் பெற்றோர் யாவரும் இவ்வுண்மையை ஒருவாறு அறிவர்.

அச்சம் மிகுந்தால் என்ன நேரும் என்பதைக் கிம் விட்டே என்னும் அம்மையார் 1992ஆம் ஆண்டில் ஒரு கொள்கையாக வகுத்துரைத்தார். அபாயம் பெரிது என்றும், அதைத் தடுக்கும் ஆற்றல் தன்னிடம் உண்டு என்றும் ஒருங்கே உணர்பவன் அபாயத்தைத் தடுக்க முயல்கிறான். அபாயம் பெரிது என்று உணர்ந்தும், தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று நினைப்பவனோ, அபாயத்தை விடுத்துத் தன் அச்சத்தையே தணிக்க முயல்கிறான். நோயே இல்லை என்கிறான். எல்லாம் சூழ்ச்சி என்கிறான். செய்தி கேட்க மறுக்கிறான். அல்லது கண்ட மருந்தையெல்லாம் உண்கிறான். 2020ஆம் ஆண்டில் ஈரான் தேசத்தில், சாராயம் நோயைக் கொல்லும் என்னும் வதந்தியை நம்பி நஞ்சு கலந்த சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்கள் நோய்க்கு அஞ்சாதவர் அல்லர், அஞ்சியவர், வழி காணாது அஞ்சியவர். அச்சத்தோடு நம்பிக்கையும் கூடினால் அது காவலாகும். நம்பிக்கை இழந்த அச்சம் காவலையே தகர்க்கும். இதுவே இன்று தங்கள் முன் யான் வைக்க விரும்பும் தலையாய கருத்து.

இதற்கு நம் தேசத்துச் சரித்திரமே சான்று பகரும். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பம்பாய் நகரத்து மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் தோன்றியதை டாக்டர் வியேகாஸ் என்பார் முதன்முதல் கண்டறிந்தார். மறு ஆண்டு பெப்ருவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பெற்றது. நோயாளியை வீட்டினின்றும் பிரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோதலும், வீடுகளைச் சோதனை இடுதலும் நிகழ்ந்தன. நோயைத் தடுக்கும் நோக்கம் நல்லதே. ஆயின் மக்கள் மனத்தை எவரும் எண்ணிப் பார்த்திலர். ஆஸ்பத்திரிக்குச் சென்றவர் திரும்பார் என்னும் பேச்சு ஊரெங்கும் பரவியது. 1896 அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் திரண்டு ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினர். நோயுற்ற மக்களைப் பெற்றோர் மறைத்தனர், பிணங்களையும் மறைத்தனர். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் நகரை விட்டு ஓடினர். ஓடியவர்களோடு நோயும் பிரயாணம் செய்தது. பூனாவிலோ சோல்ஜர்கள் வீடு புகுந்து சோதனையிட்டனர். பெண்டிர் உறையுளும் பூசையறையும் அதற்கு விலக்காகவில்லை. அவ்வதிகாரத்தின் தலைவராக இருந்த ராண்டு துரை 1897ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி இரவு சுடப்பட்டார். கிருமியை எதிர்க்கப் புறப்பட்டவர்கள் மக்களின் மனத்தைப் பகைத்துக்கொண்டமையால், காக்கப்பட வேண்டியவரே காவலுக்குப் பகைவராயினர்.

அக்காலத்திற்கும் நம் காலத்திற்கும் இடையே நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. எனினும் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னை மாநகரில் நிகழ்ந்தது யாது? நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து தாமும் நோயுற்று மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாது ஒரு கூட்டம் தடுத்தது. வண்டியின்மேல் கல் வீசியது. உடன் சென்றோர் காயமுற்றனர். அடக்கம் செய்யப்பட்ட உடலினின்றும் அவ்வாறு நோய் பரவாது என்று வைத்தியர்கள் எடுத்துரைத்தும் அச்சம் செவிகொடுக்கவில்லை. அம்மாதம் 22ஆம் தேதி இந்திய அரசாங்கத்தார் அவசரச் சட்டத்தின் வாயிலாக அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, சுகாதார ஊழியரைத் தாக்குதலை ஜாமீனில் விடத்தகாத குற்றமாக்கினர். சட்டம் செய்ய வேண்டுவதைச் செய்தது. ஆனால் கல்லை எடுத்த கைக்குப் பின்னே நடுங்கிக்கொண்டிருந்த மனத்தைத் தேற்றுதல் சட்டத்தால் ஆவதன்று. அது உறவினரும் அயலாரும் செய்ய வேண்டுவது.

தடுப்பூசி பற்றிய அச்சமும் இத்தகையதே. ஒடெஸ்ஸா நகரிற் பிறந்த ஹாப்கின் என்னும் அறிஞர் பிளேக் நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டு, 1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். 1902ஆம் ஆண்டில் பஞ்சாப் மாகாணத்து முல்கோவால் என்னும் கிராமத்தில் அம்மருந்து இட்டுக்கொண்டவருள் 19 பேர் இசிவு நோயால் மாண்டனர். ஒரே குப்பியிலிருந்த மருந்து மாசுற்றதே காரணம். ஹாப்கின் மீது சுமத்தப்பட்ட பழி நீங்க 1907ஆம் ஆண்டு வரை காலம் சென்றது. அங்கே நேர்ந்தது உண்மையான விபத்து; மக்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. நம் நாட்களில் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி, நடிகர் விவேக் அவர்கள் பிறர்க்கு ஊக்கம் அளிக்கவென்றே சென்னையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று யாவரும் காணத் தடுப்பூசி இட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்புற்று, 17ஆம் தேதி காலஞ்சென்றார். இருதய இரத்தக் குழாயின் அடைப்பே காரணம் என்று வைத்தியர்கள் கூறினர். ஊசிக்கும் அம்மரணத்திற்கும் தொடர்பில்லை என்று ஆராய்ச்சிக் குழுவினரும் பின்னர் முடிவு கூறினர். ஆயினும் அன்று பலருடைய உள்ளத்தில் விழுந்த கலக்கம் எளிதில் அகலவில்லை. அக்கலக்கமுற்றாரை மூடர் என்று நகைத்தவர்களால் ஒருவரையேனும் ஊசிச்சாலைக்கு அழைத்துச்செல்ல முடிந்ததா? அருகில் அமர்ந்து, ஐயங்களைப் பொறுமையோடு கேட்டு, தெரிந்த வைத்தியரிடம் அழைத்துச் சென்றவர்களே வென்றனர்.

இதுகாறும் அச்சத்தைப்பற்றிக் கூறினேன். அச்சத்தினும் ஓசையின்றிக் கெடுப்பது மனச்சோர்வு. அஞ்சியவன் கூவுவான், சோர்ந்தவன் வாய் திறவான். சோர்வு நோயாக முதிர்ந்தவிடத்து உறக்கம் கெடும், உணவு கசக்கும், எழுந்து முகம் கழுவுதலும் மலையைப் புரட்டுதல் போலத் தோன்றும். "நான் இருந்து யாருக்கு என்ன பயன்?" என்னும் எண்ணம் வேர்கொள்ளும். இத்தகையாரிடம் சென்று, "முகக்கவசம் அணிக, உயிரைக் காத்துக்கொள்க" என்றால் அச்சொல் எங்ஙனம் உள்ளே செல்லும்? உயிரின்மேல் பற்று உடையார்க்கன்றோ உயிர்க்காவல் பொருளுடையது? அவர்கள் சோம்பரும் அல்லர், பிடிவாதக்காரரும் அல்லர், நோயாளர். மனச்சோர்வுற்றார் யாவரும் ஒரே வகையாக நடப்பதில்லை என்பதையும் ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். சிலர் காவலைக் கைவிடுவர். சிலர் காவலே வாழ்வாகி, தோல் வெடிக்குமளவு கை கழுவி, கதவடைத்து, மற்றை நோய்களுக்கு வேண்டிய சிகிச்சையையும் விடுவர். இருவர்க்கும் வேண்டுவது கண்டனம் அன்று, துணையும் மருந்துமே.

இத்தகையோர் சிலரே என்று எண்ணற்க. 2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூர் மனநல ஆராய்ச்சி நிலையத்தார் நம் மாகாணம் உட்படப் பன்னிரண்டு மாகாணங்களில் நடத்திய கணக்கெடுப்பில், வயது வந்தாருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலாக ஏதேனும் ஒருவகை மனநோயால் வருந்துவதாகவும், அவருள் பெரும்பாலார் சிகிச்சை பெறவில்லை எனவும் வெளியாயிற்று. கொள்ளைநோய் இத்தொகையைப் பெருக்கியது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் மனச்சோர்வு நோயாளர் 5 கோடியே 32 இலட்சம் பேரும், பதற்ற நோயாளர் 7 கோடியே 62 இலட்சம் பேரும் மிகுதியாயினர் என்று லான்செட் என்னும் மருத்துவப் பத்திரிகையில் மறு ஆண்டு வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. கடும் மனநோயுற்றாரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நியூயார்க் நகரில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கோவிட் நோயாளரை ஆராய்ந்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, மனச்சிதைவு நோயுடையார் மரணமுறும் அபாயம் மற்றவரினும் இரண்டரை மடங்குக்கு மேற்பட்டிருந்தது. முதுமைக்கு அடுத்தபடியாக அதுவே பெரிய அபாயமாக நின்றது. இங்கிலாந்தில் இத்தகையோரைத் தடுப்பூசிக்கு முன்னுரிமை பெறும் வகுப்பாருள் சேர்த்தனர். நம் வீடுகளிலோ, அவர்களைக் கடைசியாக நினைத்தவர் பலர். நினையாதே விட்டவரும் உளர்.

மூன்றாவது தனிமை. விலகி நில்லுங்கள் என்பது நோய்க்காலத்தின் கட்டளை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே உலக சுகாதார ஸ்தாபனத்தார், "சமூக இடைவெளி" என்னாது "உடல் இடைவெளி" என்று சொல்லுதலே தகுதி என அறிவித்தனர். உடலால் விலகினும் உள்ளத்தால் விலகற்க என்பது அதன் கருத்து. இவ்வேறுபாட்டை வேறு எந்நாட்டினரினும் நாம் நன்கு உணர்தல் வேண்டும். ஏனெனில், மனிதரை மனிதர் விலக்கி வைக்கும் வழக்கம் இந்நாட்டில் நோய்க்கு அஞ்சிப் பிறந்ததன்று. அது நெடுங்காலத்துப் பாவம். நோயாளியின் வீட்டு வாயிலில் தகரம் அடித்ததையும், ஆஸ்பத்திரித் தாதியரை வாடகை வீட்டினின்றும் வெளியேறச் சொன்னதையும் கண்டபோது, அப்பழைய பாவம் புதிய உடை உடுத்து வந்ததோ என்று ஐயுற நேர்ந்தது. விலக்கப்படுவோம் என்று அஞ்சுபவன் காய்ச்சலை மறைப்பான், சோதனைக்கு வாரான், நோய் அவன் வீட்டளவில் நில்லாது தெருவெங்கும் பரவும்.

மறைத்தல் என்றேன். அச்சொல்லே நம் சங்கத்தாரின் சிந்தனைக்கு உரியது. பிளேக் காலத்தில் நோயாளியை மறைத்தனர். கோவிட் காலத்தில் காய்ச்சலை மறைத்தனர். மனநோயை நாம் எக்காலத்தும் மறைத்து வருகிறோம். வீட்டிலுள்ள பெண்ணுக்கு வரன் அமையாது, பையனுக்குப் பெண் கொடார், குடும்பத்தின் மானம் போய்விடும் என்று அஞ்சி, மகனது மனச்சோர்வைச் சோம்பல் என்றும், மருமகளது பதற்றத்தைப் பிடிவாதம் என்றும், தகப்பனாரது பிதற்றலை மூப்பு என்றும் பெயரிட்டு மூடி வைக்கிறோம். வைத்தியரிடம் சென்றால் யாரேனும் கண்டுவிடுவர் என்று அயலூருக்கு இரவில் செல்கிறோம். அல்லது செல்லாமலே விடுகிறோம். மன்னிக்க வேண்டும், இம்மானத்தின் விலையைத் தீர்மானிப்பவர் வேறெங்கோ இல்லை. சம்பந்தம் பேசுங்கால் "அவர் வீட்டில் யாரோ மனநல வைத்தியரிடம் போகிறார்களாம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்வோர் இச்சபையில் அமர்ந்திருக்கும் நாமே. நம் சமூகத்தில் பிறந்த பழியை நம் சமூகமே நீக்க முடியும். துன்பத்தை மறைக்கப் பழகிய குடும்பம், கொள்ளைநோய் வந்தபோது மாத்திரம் திடீரென்று வெளிப்படையாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தல் வீண்.

இனி, செய்யத்தக்கது யாது என்று காண்போம். மக்கள் தமக்குத் தெரிந்த முகத்தை நம்புவர் என்பதே இச்சரித்திரம் முழுவதும் கற்பிக்கும் பாடம். பம்பாயில் அரசாங்க ஆஸ்பத்திரியைக் கண்டு ஓடியவர்களே, தத்தம் சமூகத்தார் அமைத்த பிளேக் ஆஸ்பத்திரிகளுக்கு மனமுவந்து சென்றனர். அங்கே தம் மொழி பேசுவோர் இருந்தனர், தம் உணவு கிடைத்தது, உறவினர் அருகிருந்தனர். மருந்தில் பெரிய வேறுபாடில்லை, மனத்தில் இருந்தது. கோஜா சமூகத்தின் தலைவராகிய மூன்றாம் ஆகாகான், அப்பொழுது இருபது வயது நிரம்பாத இளைஞர், தம் சமூகத்தார் காண ஹாப்கினது ஊசியைத் தாமே குத்திக்கொண்டார். அதன் பின்னரே அச்சமூகத்தார் திரளாக முன்வந்தனர். அண்மையில் மலையாள நாட்டினரும் இவ்வழியே சென்றனர். 2020ஆம் ஆண்டில் கேரள அரசாங்கத்தார் "தனியே இல்லை, உடனிருக்கிறோம்" என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு திட்டம் வகுத்து, தனித்து வைக்கப்பட்டோரை ஆலோசகர்கள் தாமே தொலைபேசியில் அழைத்து நலம் வினவச் செய்தனர். அழைக்கட்டும் என்று காத்திராது தாமே அழைத்தார்கள் என்பதைக் கவனித்தல் வேண்டும். சோர்ந்தவன் தானாக அழைக்கமாட்டான்.

இவற்றை முன்மாதிரியாகக் கொண்டு நம் சங்கத்தார் சில காரியங்களைச் செய்தல் கூடும். ஒவ்வொரு தெருவிலும் தனித்து வாழும் முதியோர், விதவைகள், நெடுநாள் நோயாளர் ஆகியோரின் ஜாபிதா ஒன்று இப்பொழுதே எழுதி வைத்தல் வேண்டும். அவர்களை வாரம் ஒருமுறை விசாரிக்கும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்றல் வேண்டும். வதந்தி பரவுங்கால் உண்மையை வினவுதற்கு நம்மிடையே உள்ள வைத்தியர் ஓரிருவரை முன்னரே கேட்டுக்கொண்டு, அவர் சொல்லையே சங்கத்தின் சொல்லாக வெளியிடல் வேண்டும். ஊசி இடும் காலம் வந்தால் நிர்வாகிகள் முதலில் கையை நீட்டல் வேண்டும். மரித்தவர் எக்குலத்தவராயினும் மயானத்து வாயிலை அடைக்கும் கூட்டத்தில் நம்மவர் ஒருவரும் நில்லார் என்று இச்சபையில் உறுதி செய்தல் வேண்டும். நோய்க்குச் சாதி தெரியாது. நம் அன்புக்கும் அது தெரியவேண்டியதில்லை.

மனநோய்க்குரிய சிகிச்சையைப் பெறுதல் ஒவ்வொருவர்க்கும் உரிய உரிமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி முதல் 14416 என்னும் எண்ணில் டெலி-மானஸ் என்ற தொலைபேசி ஆலோசனை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது, தமிழிலும் பேசலாம். பெயரும் ஊரும் வெளியாகுமோ என்று கூசுவோர்க்கு இது ஒரு நல்ல முதற்படி. இவ்வெண்ணை நம் பத்திரிகையின் ஒவ்வோர் இதழிலும், திருமண அறிவிப்புக்கள் வெளியாகும் அதே பக்கத்தில் அச்சிடல் வேண்டும் என்பது அடியேனது விண்ணப்பம். அப்பக்கத்தையே யாவரும் முதலில் படிக்கின்றனர் என்பது தாங்கள் அறிந்ததே. பழி எவ்விடத்துப் பிறந்ததோ, அவ்விடத்தே அதற்கு மருந்தும் கிடைக்கட்டும்.

அன்பர்களே, கொள்ளைநோய் மீண்டும் வரலாம், வாராதும் இருக்கலாம். நம் வீட்டில் வாய் திறவாது வருந்தும் ஒருவர் இன்று இருக்கிறார் என்பதோ பெரும்பாலும் உறுதி. இச்சபை கலைந்து வீடு சென்றவுடன், அவரருகில் சற்றே அமர்ந்து, "என்ன செய்கிறது?" என்று கேட்டு, அவர் சொல்லும்வரை பொறுத்திருப்பீர்களாயின், அடியேனது பேச்சு பயனுற்றதாகக் கொள்வேன்.